ஒன்றரை ஏக்கர் மனை, 2,500 டாலர் பட்ஜெட்: எந்த ரைடிங் மோவர் வாங்கலாம்?

நார்த் கரோலினாவில் ராலே நகரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஃபூக்வே-வரீனா, பிட்ஸ்பரோ பக்கம் வீடு வாங்கும் நம் ஆட்கள் இப்போது அதிகம். நகரத்துக் கழிவுநீர்க் குழாய் வராத இடங்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் அதன் தண்ணீர் இறங்க இடமும் வேண்டும் என்பதால் மனையே பெரிதாகத்தான் வரும். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர், சில இடங்களில் இரண்டுகூட. வாங்கும்போது பெருமையாக இருக்கும். ஏப்ரலில் புல் கணுக்காலைத் தாண்டும்போதுதான், கேரேஜில் இருக்கும், 21 அங்குல அகலத்துக்குப் புல் வெட்டும் தள்ளு மோவரை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது என்பது உறைக்கும். அப்புறம், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி பற்றிய அந்தக் கேள்வி வரும்: 'ரைடிங் மோவர் ஒண்ணு வாங்கணும், ரொம்பச் செலவு பண்ண முடியாது, எது நல்லது?'

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். நிலம் சரிவாக இருந்தால் டிராக்டர் வகை, அதிலும் பெரிய கடை வாசலில் புதிதாக வரிசை கட்டி நிற்கும் மலிவு மாடலைவிடப் பத்து வருடம் பழையதானாலும் கனமான கார்டன் டிராக்டர். நிலம் சமமாக இருந்து நடுவில் மரங்களும் பூப்பாத்திகளும் நிறைய இருந்தால், நின்ற இடத்திலேயே சுழலும் 42 அங்குல ஜீரோ டர்ன். வெட்ட வேண்டிய புல் முக்கால் ஏக்கருக்குள் அடங்கினால் உட்கார்ந்து ஓட்டும் வண்டியே வேண்டாம். பேட்டரி வண்டி அருமையானது, ஆனால் கேள்வியில் 'மலிவு' என்ற வார்த்தை இருக்கும்வரை அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. காரணங்கள் கீழே.

முதலில் அளவு. பத்திரத்தில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் முழு மனை. வீடு, டிரைவ்வே, பின்னால் அப்படியே விட்டுவைத்த பைன் மரங்கள் எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் வெட்டப் போகிறோம். கவுண்ட்டி நிர்வாகம் இணையத்தில் வைத்திருக்கும் ஜிஐஎஸ் நில வரைபடத்தில் உங்கள் மனையைத் திறந்து, அதிலுள்ள அளவுக் கருவியால் புல் இருக்கும் இடத்தை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் சதுர அடி வந்துவிடும். 43,560 சதுர அடி ஒரு ஏக்கர், நம் ஊர்க் கணக்கில் 100 சென்ட். ஒன்றரை ஏக்கர் என்று மலைத்துக்கொண்டிருந்தது 70 சென்ட் புல்லாகச் சுருங்குவதும் உண்டு, அப்படிச் சுருங்கினால் வாங்க வேண்டிய வண்டியே மாறிவிடும்.

நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மணிக்கு எத்தனை மைல் வேகம் என்பதை வெட்டும் அகலத்தால் (அங்குலத்தில்) பெருக்கி நூறால் வகுங்கள், மணிக்கு எத்தனை ஏக்கர் என்று வரும். திரும்புவது, ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை கொஞ்சம் ஏறுவது இதற்கெல்லாம் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 42 அங்குல டிராக்டர் 4 மைல் வேகத்தில் போனால் மணிக்கு ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. 30 அங்குலச் சின்ன ரைடர் மூன்றரை மைலில் போனால் 85 சென்ட் அளவுக்கு. 50 அங்குல ஜீரோ டர்ன் 6 மைலில் பறந்தால் கிட்டத்தட்ட 2.4 ஏக்கர் என்று கணக்கு சொல்லும், ஆனால் மேடும் பள்ளமுமான செம்மண் தரையில் 6 மைல் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், முதுகெலும்பு உங்களை நான்கு மைலுக்குக் கொண்டுவந்துவிடும். 21 அங்குலத் தள்ளு மோவருக்கு மணிக்கு அரை ஏக்கர்தான். 120 சென்ட் புல் என்றால் இரண்டரை மணி நேரம், அதுவும் ஜூலை வெயிலில்.

முக்கால் ஏக்கருக்குள் இருப்பவர்களிடம் ரைடர் வேண்டாம் என்று நான் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். டோரோவின் டைம்மாஸ்டர் போல 30 அங்குல அகலத்தில், தானே நகரும் நடை மோவர்கள் இருக்கின்றன. பின்னால் நடந்தால் போதும், முக்கால் ஏக்கர் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ரைடரைவிட விலை நன்றாகவே குறைவு, கேரேஜ் மூலையில் அடங்கும், வேலிக் கதவுக்குள் நுழையும், நடைப்பயிற்சியும் ஆயிற்று.

அதற்கு மேல் புல் இருந்தால் நான்கு வகைகள். சீட்டுக்குப் பின்னால் எஞ்சின் வைத்த 30 அங்குலக் குட்டி ரைடர்கள் ஒரு வகை. 36 அங்குல வேலிக் கதவுக்குள் நுழைந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் ஒழிய அவற்றைத் தொட வேண்டாம் என்பேன். 42 அங்குல டிராக்டருக்கும் அதற்கும் விலையில் சில நூறு டாலர்தான் வித்தியாசம், நேரத்தில் பாதிக்குப் பாதி கூடிவிடும். அடுத்தது எல்லோரும் பார்த்திருக்கும் லான் டிராக்டர்: முன்னால் எஞ்சின், நடுவில் வயிற்றுக்கடியில் பிளேடுகளை மூடியிருக்கும் டெக், கையில் ஸ்டீயரிங். மூன்றாவது ஜீரோ டர்ன், பின்னால் எஞ்சின், இரண்டு கைப்பிடி, நின்ற இடத்திலேயே சுழலும். நான்காவது பேட்டரி.

விலையைப் பார்த்தால், கடந்த ஓரிரு வருட நிலவரப்படி 42 அங்குல லான் டிராக்டர் புதிதாக 2,000 முதல் 2,500 டாலருக்குள் கிடைக்கிறது. ஜான் டியர் எஸ்100, கப் கேடட் எக்ஸ்டி1, கிராஃப்ட்ஸ்மேன், ட்ராய்-பில்ட், ஹஸ்க்வர்னா எல்லாமே இந்த வட்டத்தில்தான் சுற்றுகின்றன. ட்ராய்-பில்ட் போனி போல கியர் போட்டு ஓட்டும் மாடல்கள் இன்னும் கொஞ்சம் கீழே. 42 அங்குல ஜீரோ டர்ன் 3,000 டாலரை ஒட்டித் தொடங்கும், பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். 42 அங்குல பேட்டரி வண்டி 4,000 டாலருக்குக் கீழே கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இங்கேதான் பலர் ஹெச்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றில் 17.5 ஹெச்பி, பக்கத்தில் நிற்பதில் 22 ஹெச்பி, விலை 300 டாலர் அதிகம், எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதை எடுத்துவிடுவார்கள். 42 அங்குல டெக்கைச் சுற்ற 17.5 ஹெச்பி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் தாராளமாகப் போதும். இரட்டை சிலிண்டரில் அதிர்வு குறையும், சத்தம் கொஞ்சம் மென்மையாக இருக்கும், சரிதான். ஆனால் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் ஆனாலும் கோலர் ஆனாலும் கவாசாகி ஆனாலும், ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. மலிவு டிராக்டரில் முதலில் போவது எஞ்சின் கிடையாது.

முதலில் போவது சீட்டுக்கு அடியில், பின் சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன். கடையில் யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை, விளம்பரத்தில் அதன் பெயர் இருப்பதும் அபூர்வம். கியர் இல்லாமல் பெடலை மிதித்தால் போகும், விட்டால் நிற்கும் என்ற வசதி அதனால்தான் கிடைக்கிறது: எஞ்சின் ஒரு சின்ன பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலை அழுத்துகிறது, அந்த அழுத்தம் சக்கரத்தைச் சுற்றுகிறது. எல்லாம் ஆயில் கையில். ஆயில் சூடானால் நீர்த்துப்போகும், நீர்த்த ஆயில் இடுக்குகளில் கசிந்து ஓடும், அழுத்தம் இறங்கும், வண்டி மேட்டில் திணறும். சமதரையில் இருபது வருடம் ஓடக்கூடிய அதே பெட்டி, ஒவ்வொரு வாரமும் மேட்டில் ஏறி இறங்கினாலோ மண் நிரப்பிய வண்டியை இழுத்தாலோ சில நூறு மணி நேரத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

ஆரம்ப நிலை டிராக்டர்களில் பல வருடமாகப் பரவலாக வருவது டஃப் டார்க் நிறுவனத்தின் கே46. இதே தரத்தில் ஹைட்ரோ-கியர் நிறுவனமும் செய்கிறது. ஜான் டியரின் பச்சை வண்டி ஆனாலும் ஹஸ்க்வர்னாவின் ஆரஞ்சு வண்டி ஆனாலும் இந்த விலையில் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட இந்த வகைப் பெட்டிதான். கே46 மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை, சமமான ஒரு ஏக்கருக்காகச் செய்யப்பட்டது, அதற்கு நன்றாகவே உழைக்கும். அதில் ஆயில் இறக்கும் திருகு கிடையாது. 'பராமரிப்பு தேவையில்லை' என்று கையேட்டில் எழுதியிருப்பதன் அர்த்தம், மாற்ற வேண்டுமென்றால் மொத்தப் பெட்டியையும் வண்டியிலிருந்து கழற்றிக் கவிழ்க்க வேண்டும் என்பது. போய்விட்டால் புதுப் பெட்டியும் கூலியும் சேர்த்துப் பழைய டிராக்டரின் விலையைத் தொட்டுவிடும். அதனால்தான் ஊரெல்லாம் 'எஞ்சின் நல்ல கண்டிஷன், மேட்டில் மட்டும் ஏறாது' என்று விற்பனைக்கு நிற்கும் டிராக்டர்களைப் பார்க்கலாம்.

வாரன்ட்டியிலும் இதன் சாடை தெரியும். ஜான் டியரின் 100 வரிசைக்குப் பல வருடமாக இரண்டு வருடம் அல்லது 120 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. கப் கேடட் எக்ஸ்டி1-க்கு மூன்று வருடம், மணிக்கணக்கு கிடையாது. 120 சென்ட் புல்லை மார்ச் முதல் நவம்பர் வரை முப்பது தடவை வெட்டினால், இலையுதிர்கால வேலையும் சேர்த்து வருடத்துக்கு 35, 40 மணி நேரம் ஓடும். அந்தக் கணக்கில் 120 மணி நேர வரம்பு நம்மைப் பயமுறுத்த வேண்டியதில்லை, ஆனால் மேட்டில் ஓடும் வண்டிக்கு இரண்டாவது வருடத்திலும் மூன்றாவது வருடத்திலும் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நான் கப் கேடட்டின் மஞ்சள் வண்டியின் பக்கம் சாய்வேன்.

நிறம் என்றதும் ஒன்று. கிராஃப்ட்ஸ்மேன், ட்ராய்-பில்ட், கப் கேடட் மூன்றையும் செய்வது எம்டிடி என்ற ஒரே நிறுவனம். 2021 கடைசியில் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் அதை முழுதாக வாங்கிக்கொண்டது. கிராஃப்ட்ஸ்மேன் பெயரை 2017-லேயே சியர்ஸிடமிருந்து வாங்கியிருந்தார்கள். ஆக, பெயருக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் மூன்றும் ஒன்றேதான் என்றும் நினைக்க வேண்டாம், டெக்கின் தகடு, முன் அச்சு, டிரான்ஸ்மிஷன், சீட் என்று மாடலுக்கு மாடல் மாறும். தகடு பற்றி ஒரு வரி: கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன், 13-ஐவிட 11 தடிமன். வீட்டுக்குத் தகட்டை அழுத்தி வடிவமைத்த சாதாரண டெக்கே போதும், கல்லிலும் மரவேரிலும் தினம் மோதுகிற தொழில்காரர்களுக்குத்தான் பற்றவைத்த கனத்த டெக்.

இப்போது சரிவு. ஃபோனில் இருக்கும் லெவல் ஆப்பைத் திறந்து, ஆறடிப் பலகை ஒன்றைப் புல்லில் சரிவோடு ஒட்டிப் போட்டு அதன் மேல் ஃபோனை வையுங்கள். 15 டிகிரிக்கு மேல் காட்டினால் எந்த ரைடிங் மோவரும் அங்கே போகக்கூடாது, பெரும்பாலான கையேடுகள் போடும் எல்லை அதுதான். 15 டிகிரி என்றால் பத்து அடி முன்னால் போவதற்குள் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அடி ஏறுவது. கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது, அதனால் அளந்தே பாருங்கள். லான் டிராக்டரைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும் அபாயம் அதிகம். தள்ளு மோவருக்கு நேர் எதிர், குறுக்கேதான் தள்ள வேண்டும், வழுக்கினால் கால் பிளேடுக்குள் போகாமல் இருக்க.

ஜீரோ டர்னில் ஆபத்து வேறு மாதிரி. ஓட்டம், திருப்பம், பிரேக் மூன்றையும் அந்த இரண்டு பின் சக்கரங்களே செய்கின்றன. முன்னால் இருப்பவை ஆபீஸ் நாற்காலியின் உருளைகள் மாதிரி, இழுத்த பக்கம் போகும், அவ்வளவுதான். ஈரமான சரிவில் இறங்கும்போது பின் சக்கரம் பிடிமானம் விட்டால் பிரேக்கும் போயிற்று, ஸ்டீயரிங்கும் போயிற்று, வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். கீழே குளமோ தடுப்புச் சுவரோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலிவு மாடல்கள் பலவற்றில் கவிழ்ந்தால் காக்கும் வளைவுக் கம்பியும் இருக்காது. ஸ்டீயரிங் சக்கரம் வைத்து முன் சக்கரங்களையும் திருப்பும் ஜீரோ டர்ன்களைக் கப் கேடட் விற்கிறது, சரிவில் அவை பரவாயில்லை, ஆனால் விலை நம் பட்ஜெட்டை இன்னும் அதிகமாகத் தாண்டிப் போகிறது. எந்த வண்டியானாலும் குளக்கரை, ஓடை விளிம்பிலிருந்து வண்டியின் இரண்டு மடங்கு அகலம் தள்ளியே ஓட்டுங்கள், மிச்சத்தைத் தள்ளு மோவரால் முடித்துக்கொள்ளலாம். தூக்கிப்போட வேண்டாம் அந்தத் தள்ளு மோவரை.

சமதரையில் ஜீரோ டர்னுக்கு ஈடில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரே வளைவில் ஒட்டிப் போய்விடும், டிராக்டரோ ஒவ்வொரு மரத்துக்கும் முன்னே பின்னே போய்வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு மரம், நாலைந்து பாத்தி இருக்கும் தோட்டத்தில் மிச்சமாகும் நேரம் அந்த வேகத்தால் வருவதைவிட இந்தத் திருப்பத்தால் வருவதுதான் அதிகம், பிறகு ஓரத்துப் புல்லுக்குக் கையில் டிரிம்மர் எடுத்துச் சுற்ற வேண்டியதும் குறையும். ஓட்டிப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை ஒரு சக்கரத்தை நிறுத்திக்கொண்டு சுழன்றால் புல் வட்டமாகப் பிய்ந்து செம்மண் தெரியும்; இரண்டு கைப்பிடியையும் அசைத்து மூன்று கட்டமாகத் திரும்பக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடும். பின்னால் எதையாவது மாட்டி இழுத்துக்கொண்டு போகும் வேலைகளுக்கு, உரம் தூவுவது, மண்ணைத் துளையிடுவது, சருகு அள்ளுவது, டிராக்டர்தான் வசதி. எங்கள் பக்கம் ஓக் இலையும் பைன் ஊசியும் ஸ்வீட்கம் மரத்தின் முள்ளுருண்டைகளும் நவம்பரில் தரையை மூடிவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

பேட்டரி வண்டிக்கு வருவோம். சத்தம் இல்லை, பெல்ட் குறைவு, ஆயில் மாற்ற வேண்டாம், குளிர்காலம் முடிந்து ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை இல்லை. கலிஃபோர்னியாவில் 2024 மாடலிலிருந்து சின்ன பெட்ரோல் எஞ்சின்களின் புது விற்பனையையே அரசு கட்டுப்படுத்திவிட்டது, அங்கே இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே வேறு மாதிரி. இங்கே கணக்கைப் பாருங்கள்: 17.5 ஹெச்பி எஞ்சின் மணிக்கு ஒரு கேலனுக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், வருடத்துக்கு நாற்பது மணி நேரம் என்றால் கேலன் 3 டாலர் கணக்கில் 120 டாலர். ஆயில், ஃபில்டர், பிளக் ஐம்பது அறுபது என்று வையுங்கள். மின்சாரச் செலவைக் கழித்தால் வருடத்துக்கு 150 டாலர் மிச்சம். 2,000 டாலர் அதிகம் கொடுத்ததைத் திரும்ப எடுக்கப் பதின்மூன்று வருடம், அதற்குள் பேட்டரி ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும். ஈகோவின் 42 அங்குல ஜீரோ டர்ன் அதே கம்பெனியின் 56 வோல்ட் கைக்கருவி பேட்டரிகளிலேயே ஓடுகிறது, ஏற்கெனவே டிரிம்மர், புளோவர் என்று அந்தக் குடும்பத்தில் நாலைந்து பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறலாம். பழைய பேட்டரி ரைடர் மலிவாக வந்தால் கவனம்: ரியோபியின் பழைய 48 வோல்ட் மாடல்களில் லெட்-ஆசிட் பேட்டரி, அது சில வருடத்தில் போய்விடும், விற்பவர் விற்பதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

சரி, பழைய வண்டி. 900, 1,200 டாலருக்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் கிடைப்பதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ஐந்து வருடம் முன்னால் 1,800 டாலருக்குக் கடையில் வாங்கிய மலிவு லான் டிராக்டர். இதை வாங்குவதில் லாபமே இல்லை, தேய்ந்த டிரான்ஸ்மிஷனை நீங்கள் தலையில் கட்டிக்கொள்கிறீர்கள். இன்னொன்று, புதிதில் நல்ல விலை கொடுத்து வாங்கிய கார்டன் டிராக்டர்: ஜான் டியரின் எக்ஸ்500 வரிசை, ஹஸ்க்வர்னாவின் ஜிடி வரிசை, சியர்ஸ் காலத்து கிராஃப்ட்ஸ்மேன் ஜிடி5000. இவற்றில் சட்டம் கனம், பின் சக்கரம் பெரிது, அச்சு தடிமன், டிரான்ஸ்மிஷன் மண்ணை உழும் வேலைக்கென்றே செய்தது, பலவற்றில் ஆயிலும் மாற்றலாம். எக்ஸ்500 வரிசை வண்டி நல்ல நிலையில் இருந்தால் 2,500-க்கும் மேலே கேட்பார்கள், அது அந்தப் பெயருக்கான விலை. கிராஃப்ட்ஸ்மேனில் கேட்கும் விலை பெரும்பாலும் பாதிகூட வராது. மணிக்காட்டியில் 300 மணி நேரம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், நம் கணக்கில் அது எட்டு வருட ஓட்டம், இந்த ரக வண்டிகளுக்கு அது பாதி ஆயுள்கூட இல்லை.

பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போது லேசான நீலப் புகை ஒரு நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை, தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. டெக்கின் அடிப்பக்கத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், தகடு உள்வாங்கினால் துரு தின்றுவிட்டது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் அச்சில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனைக்கு இருபது நிமிடமாவது ஓட்டி டிரான்ஸ்மிஷனைச் சூடாக்க வேண்டும். பிறகு ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஆறிய வண்டி எல்லா மேட்டிலும் ஏறும். இருபது நிமிடம் ஓட்டவிட முடியாது என்று சொல்பவரிடம் பேரம் பேசிப் பயனில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் விலை நன்றாக இறங்கும், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். மார்ச் கடைசியில் அதே வண்டிக்கு மூன்று பேர் போட்டி.

பழையது வாங்கிப் பழுது பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது, இருக்க வேண்டும் என்றும் இல்லை. பெல்ட் மாற்றுவதையே ஒரு தலைவலியாக நினைப்பவர்கள் புது லான் டிராக்டரே வாங்கலாம், சரிவு 7, 8 டிகிரிக்குள் இருந்தால் அது நன்றாகவே ஓடும். அப்போது பெரிய கடையா டீலரா என்ற கேள்வி வரும். ஒரே மாடல், ஒரே விலை என்றால் டீலரிடம் வாங்குங்கள், ஏனென்றால் ஏப்ரலில் பழுதானால் சர்வீஸ் வரிசையில் தன்னிடம் வாங்கியவரை அவர் முதலில் கவனிப்பார், வண்டியை வந்து எடுத்துப்போகும் டிரெய்லரும் அவரிடம்தான் இருக்கும். டிரெய்லர் இல்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று பலர் யோசிப்பதில்லை. 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம். புல்லை வெளியே தள்ளும் பிளாஸ்டிக் மடலையும் சேர்த்தால் நாலரை அடிக்குக் கிட்டே வரும், நீளம் ஆறடி. இரண்டு கார் நிற்கும் கேரேஜில் மூன்றாவதாக அதற்கு இடமில்லை. ஷெட் போட வேண்டுமென்றால் ஆயிரம் டாலரையாவது அதற்கு ஒதுக்குங்கள், ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அனுமதியும் வாங்க வேண்டும், நிறம் கூரை எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து சொல்வார்கள். செப்டிக் வடிகால் மேல் இந்த வண்டி போகலாம், ஷெட்டை மட்டும் அதன் மேல் போட்டுவிடாதீர்கள்.

ஆள் வைத்து வெட்டினால் என்ன என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஒரு தடவைக்கு 80 டாலர் என்று வைத்தால் முப்பது தடவைக்கு 2,400, ஒரே வருடத்தில் புது டிராக்டரின் விலை. ஆனால் சனிக்கிழமை காலை உங்களுடையது, ஷெட் வேண்டாம், பெட்ரோல் கேன் வேண்டாம், முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்தக் குலுக்கலும் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் வீடு மாறப் போகிறவர்கள் ஆளே வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வழியும் உண்டு: சரிவு அதிகமான மூலையையும் ஓடை ஓரத்தையும் வெட்டாமல் விட்டு மரக்கன்று நட்டுவிடுவது. அந்த மூலை போய்விட்டால் பல மனைகளில் மீதி சமதரைதான், 1,200 டாலர் கார்டன் டிராக்டருக்கான தேவையே போய் சாதாரண வண்டி போதுமென்று ஆகிவிடும்.

எதை வாங்கினாலும் குழந்தையை மடியில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போகும் ஆசையை விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் இதைச் செல்லமாக நினைக்கிறோம், விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன. ஒரு முறை மடியில் உட்கார்ந்து மோவரில் போன குழந்தை அடுத்த வாரம் சத்தம் கேட்டதும் பின்னாலேயே ஓடி வரும், ரிவர்ஸ் எடுக்கும்போது உங்களுக்குத் தெரியாது. ரைடிங் மோவர் ஓட்ட 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு.

கடையில் பணம் கட்டும்போது நீட்டிப்பு வாரன்ட்டி வேண்டுமா என்று கேட்பார்கள். நான் வாங்க மாட்டேன். அந்தப் பணத்தில் இன்னொரு செட் பிளேடு, காதுக்கு மூடி, பெட்ரோல் கெடாமல் இருக்க அதில் கலக்கும் ஸ்டெபிலைசர் ஒரு பாட்டில், குளிர்காலத்தில் பேட்டரியைச் சாகவிடாமல் வைக்கும் சின்ன சார்ஜர் வாங்கிக்கொள்ளுங்கள். பங்கில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வரும், அது இரண்டு மாதம் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும். 15 சதவீதம் கலந்ததை இந்த எஞ்சின்களில் ஊற்றவே கூடாது, பங்கில் விலை குறைவாக இருக்கிறதே என்று கைப்பிடியை எடுக்கும் முன் ஸ்டிக்கரைப் படியுங்கள்.